பாஸ்டர் வீட்டுப் பிள்ளைகள்

போதகர் குடும்பம் குடியிருக்கும் வீடு அந்தக் குடும்பத்துக்கு மட்டும் உரியதல்ல. சபையாருக்கு அது அலுவலகம், மனக்குறை சொல்லி அழும் இடம், நடுராத்திரியில் தட்டக்கூடிய கதவு. அப்பா, அம்மா, பிள்ளைகள் சமைத்து உண்டு தூங்குவதும் அதே வீட்டில்தான். பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்வரை இது பெரிதாக உறுத்துவதில்லை. வந்தவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் தனக்கென்று ஒரு மூலையும் ஒரு நேரமும் வேண்டும் என்று மனம் கேட்கத் தொடங்கும்போதுதான் இடிக்கத் தொடங்குகிறது. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளில் ஊரும் சிறியது, சபையும் சிறியது. அதனால் இடிப்பும் அதிகம்.

புதுச்சேரியில் கிறிஸ்தவம் என்றதும் பலருக்கும் கத்தோலிக்கம்தான் நினைவுக்கு வரும். பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற தடம் அது. வில்லியனூரில் 1877 முதல் வழிபாடு நடக்கும் லூர்து அன்னை திருத்தலமும், அதன் முன்னுள்ள குளமும், ஈஸ்டரை ஒட்டி நடக்கும் தேர்த் திருவிழாவும் சுற்றுவட்டாரம் முழுவதும் தெரிந்தவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒன்றியப் பிரதேசத்தின் சுமார் 12.5 லட்சம் மக்களில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 6.3 விழுக்காடு, அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். கத்தோலிக்கக் குருமார் மணம் செய்துகொள்வதில்லை. தி பெந்தெகொஸ்து மிஷன் சபையின் முழுநேர ஊழியர்களும் அப்படியே. ஆகவே மனைவி மக்களோடு வாழும் போதகர் குடும்பம் என்பது தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபைகள், மற்ற பெந்தெகொஸ்தே சபைகள், தனிச்சபைகள் ஆகியவற்றைச் சேர்ந்தது. சிறுபான்மைக்குள் சிறுபான்மை என்பதால், ஊரில் பாதிப் பேருக்கு ‘ஃபாதர்’ யார், ‘பாஸ்டர்’ யார் என்ற வித்தியாசமே தெரியாது. பள்ளியில் புதிதாகச் சேரும் பிள்ளை அதை விளக்கியே ஓய்ந்துவிடும்.

இத்தகைய குடும்பத்தின் கதை 1525 ஜூன் 13 அன்று விட்டன்பர்க் நகரில் தொடங்குகிறது எனலாம். துறவியாக இருந்த மார்ட்டின் லூதரும் கன்னியர் மடத்திலிருந்து வெளியேறிய காத்தரினா ஃபான் போராவும் அன்று மணந்துகொண்டார்கள். ஆறு பிள்ளைகள். மாணவர்கள், அகதிகள், விருந்தினர் என்று எப்போதும் நிரம்பிவழிந்த அந்த வீட்டை நடத்தியவர் காத்தரினா. தோட்டம், கால்நடை, மது வடித்தல் எல்லாம் அவர் பொறுப்பு. அவர்களுடைய மகள் மக்தலேனா 1542இல் பதின்மூன்று வயதில் இறந்தபோது, ஊருக்கெல்லாம் ஆறுதல் சொன்ன தகப்பன் நிலைகுலைந்துபோனார். போதகரும் ஒரு தகப்பன்தான் என்பதை அந்த வீடு உலகுக்குக் காட்டியது.

தமிழ் மண்ணில் இந்த மரபு தரங்கம்பாடி வழியாக வந்தது. லுத்தரன் மிஷனரியான சீகன்பால்க் 1706இல் அங்கே கரையிறங்கினார். முதல் இந்திய லுத்தரன் போதகராக 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்ற ஆரோன் கடலூரில் பிறந்தவர். பாகூருக்கு அடுத்த ஊர்க்காரர் என்றே சொல்லிவிடலாம். தென்பெண்ணைக்குத் தென்கரையில், நெல்லிக்குப்பத்தை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்தில் 1861இல் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர் தொடங்கிய பணி பின்னர் டேனிஷ் மிஷனரி சங்கத்தோடு சேர்ந்து, இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பெந்தெகொஸ்தே சபைகள் கிராமங்களில் பரவியது பெரும்பாலும் அதற்குப் பிந்திய கதை.

இன்று இந்தப் பகுதியில் போதகர் வீடு இரண்டு விதமாக இருக்கிறது. பெரிய சபைகளில் ஆலய வளாகத்திலேயே குருமனை இருக்கும். வீடு பழையதாக இருந்தாலும் திண்ணை, கிணறு, இரண்டு மூன்று அறைகள் உண்டு. போதகருக்குச் சபைத் தலைமை நிர்ணயித்த மாதச் சம்பளம் வரும். பெரிய தொகை அல்ல, ஆனால் தேதி தவறாது. குருமனையில் ஆணி அடிக்கவும் சபைக் கமிட்டியைக் கேட்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

தனிச்சபைப் போதகரின் வீடோ பல ஊர்களில் சபையேதான். முன்கூடத்தில், அல்லது வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகையில் ஞாயிறு ஆராதனை நடக்கிறது. சனிக்கிழமை ராத்திரி பீரோவும் கட்டிலும் ஓரம் தள்ளப்படும், ஜமுக்காளம் விரிக்கப்படும், ஸ்பீக்கர் ஏற்றப்படும். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் புத்தகப் பை சமையலறை மூலைக்குப் போய்விடும். சம்பளம் என்று ஒன்று கிடையாது. காணிக்கையும் தசமபாகமும்தான் வருமானம். சபையாரில் பெரும்பாலோர் விவசாயக் கூலிகள், கட்டட வேலைக்காரர்கள், சேதராப்பட்டு பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள். நடவும் அறுப்பும் இருக்கும் மாதத்தில் காணிக்கைப் பை கனக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை நின்றால் அதுவும் மெலியும். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் எது என்பது மழைக்குத் தெரியாது. ஆகவே பல போதகர்கள் ஆட்டோ ஓட்டுகிறார்கள், எலக்ட்ரிக் வேலை பார்க்கிறார்கள், டியூஷன் எடுக்கிறார்கள். பாகூர் ஏரிப் பாசனத்து ஊர்களில் அறுப்பின் பண்டிகைக்கு நெல்லும் வாழைத்தாரும் பூசணியும் சபைக்கு வரும். அவற்றை ஏலம் விட்டுப் பணமாக்குவது வழக்கம். கொஞ்சம் அரிசி போதகர் வீட்டுக்கும் போகும். அன்போடு தருகிறார்கள், வாங்கும்போது கூசிப்போகிற பதினைந்து வயதின் மனதையும் புரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

போதகரின் வேலைநேரம் குடும்பத்துக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் பகலில் அவருக்கு ஓரளவு ஓய்வு. அவர்கள் வீடு திரும்பும் மாலையில்தான் சபையாரும் வேலை முடிந்து வருவார்கள். ஆகவே வீட்டு ஜெபக் கூட்டம், நோயாளி சந்திப்பு, வாலிபர் கூட்டம் எல்லாம் ஆறு மணிக்கு மேல். வாரத்தில் ஒரு நாள் உபவாச ஜெபம், மாதத்தில் ஒரு முழு இரவு ஜெபம், மாத முதல் தேதியில் வாக்குத்தத்த ஆராதனை என்று பல சபைகளில் நாட்காட்டி நிறைந்திருக்கும். மற்ற பிள்ளைகளின் விடுமுறை நாள் இவர்களுக்கு வேலைநாள். பெரிய வெள்ளியன்று நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம். ஈஸ்டருக்கு விடியுமுன் எழ வேண்டும். டிசம்பர் முழுவதும் இரவில் கீத பவனி. பல பள்ளிகளில் அதே மாதத்தில்தான் அரையாண்டுத் தேர்வும். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து வீட்டுக்குள் வரும்போது புத்தாண்டு பிறந்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும்.

இதனால் பல போதகர் வீடுகளில் திங்கட்கிழமைதான் குடும்ப நாள். அன்று பள்ளி இருப்பதால் அதுவும் மாலை மட்டுமே. அந்த ஒரு மாலையைப் பிடிவாதமாகக் காப்பாற்றுகிற வீடுகளும் உண்டு. போன் அலமாரிக்குள் போகும். ஊழியம், சபை என்ற பேச்சு எடுக்கக்கூடாது. பாரடைஸ் பீச் அல்லது ஊசுட்டேரிக் கரை, இல்லாவிட்டால் வீட்டிலேயே பரோட்டா. இது சோம்பல் என்று நினைக்கும் சபையார் இருக்கிறார்கள். உண்மையில் ஒரு போதகர் தன் பிள்ளைகளுக்குச் செய்யும் நல்ல காரியங்களில் இதற்கே முதலிடம் தரலாம். இரவு குடும்ப ஜெபத்தில் எல்லாரும் ஒன்றாக உட்காரத்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். ஜெபத்தில் உட்காருவது வேறு. தகப்பன் தன்னைப் பார்த்து, தன் கதையை மட்டும் கேட்டுக்கொண்டு உட்காருவது வேறு.

வீட்டின் முழுப் பாரமும் சாய்வது தாயின்மேல். அவருக்குப் பெயரே பாஸ்டரம்மாதான். சொந்தப் பெயரைச் சொல்லி அழைப்பவர் ஊரில் அரிது. பெண்கள் கூட்டத்தை நடத்துவது, ஞாயிறு பள்ளிக்குப் பாடம் தயாரிப்பது, பிரசவமான வீட்டுக்குப் போவது, வருகிறவர்களுக்கெல்லாம் டீ போடுவது எல்லாமே சம்பளமில்லாத வேலை. சபைக்கு ஒருவர் சம்பளத்தில் இரண்டு பேர் உழைப்பு கிடைக்கிறது என்பது கசப்பான கணக்கு. அதிலும் அவர் நர்ஸாகவோ ஆசிரியையாகவோ வேலைக்குப் போனால், வீட்டுக்கு நிலையான வருமானம் வரும். கூடவே, அம்மா ஊழியத்தில் கூட நிற்பதில்லை என்ற பேச்சும் வரும். தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களுக்கும் 1976 முதல் குருப்பட்டம் தரப்படுகிறது. அம்மாவே போதகராக இருக்கும் வீட்டில் கணவரை யாரும் ஆண்கள் கூட்டத்துக்கு டீ போடச் சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிள்ளைகளும் சிறுவயதிலேயே வேலைக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். கீபோர்டு வாசிப்பது மகன், பாட்டு வரிகளைத் திரையில் ஓட்டுவது மகள், நாற்காலி அடுக்குவது இருவரும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆலயங்கள் மூடப்பட்டபோது, செல்போனில் ஆராதனையைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றும் வித்தையைப் பல சிறிய சபைகளில் தெரிந்து வைத்திருந்தவர்கள் வீட்டின் பதின்ம வயதினர்தான். இந்தப் பயிற்சி பெரிய சொத்து. கூட்டத்தின் முன் நின்று பேசக் கூச்சமில்லாமை, சுரஞானம், பெரியவர்களோடு பழகும் பக்குவம் எல்லாம் வேறு வீட்டில் பணம் கொடுத்தாலும் கிடைக்காது. இன்றைக்கு வாசிக்க மாட்டேன், நண்பனோடு கிரிக்கெட் ஆடப் போகிறேன் என்று சொல்லும் உரிமையும் அதோடு சேர்ந்திருந்தால்தான் அந்தப் பயிற்சி பிள்ளைக்குச் சொந்தமாகும்.

ஆனால் வேலையை விடப் பாரமானது ஊரின் பார்வை. வில்லியனூர் பேருந்து நிறுத்தத்தில் வகுப்புத் தோழனோடு ஐந்து நிமிடம் பேசிய பெண், வீடு வந்து சேர்வதற்கு முன் செய்தி வீடு வந்து சேர்ந்துவிடுகிறது. சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. “பாஸ்டர் பொண்ணே இப்டி இருந்தா மத்த புள்ளைங்கள என்னான்னு சொல்றது?” என்பதுதான் அவர் கேள்வி. சபையார் பிள்ளை பரீட்சையில் தோற்றால் அது அந்தப் பிள்ளையின் தோல்வி. போதகர் பிள்ளை தோற்றால் பிரசங்கமே தோற்றதுபோல் பேசுகிறார்கள். இது அநியாயம். தானாக ஏற்காத ஒரு பொறுப்புக்கு ஒரு குழந்தையைச் சாட்சியாக நிறுத்துகிறோம். இதைவிடப் பெரிய அநியாயம் அப்பாவே பிரசங்க மேடையில் நின்று, மகன் செய்த தப்பையோ மகள் கேட்ட கேள்வியையோ உதாரணமாகச் சொல்வது. சபை சிரிக்கும், மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காது சிவக்கும். பிள்ளையிடம் கேட்காமல் பிள்ளையின் கதையை மேடையில் சொல்வதில்லை என்று சில போதகர்கள் வைத்துக்கொண்டிருக்கும் விதியை எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம்.

பள்ளியில் நிலைமை வேறு. பெந்தெகொஸ்தே குடும்பத்துப் பெண்ணுக்குப் பொட்டு, பூ, கம்மல் கிடையாது. லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்களில் நகைக்குத் தடை இல்லை. பூவும் பல வீடுகளில் உண்டு. ஒரே வகுப்பில் இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இருந்தால் தோழிகளுக்குக் குழப்பம். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர், பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த வழக்கத்தைத் தொடர்ந்து இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கும் பெருவிழா. ஊரே தெருவில் நிற்கும். வீட்டுக்குள் இருப்பதா, தோழர்களோடு வேடிக்கை பார்க்கப் போவதா, கொடுத்த சுண்டலை வாங்குவதா என்ற கேள்விகள் பெரியவர்களுக்குச் சின்னவை. பன்னிரண்டு வயதுக்கு அவை தூக்கம் கெடுப்பவை. நிதானமான வீடுகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன: படையலில் பங்கில்லை, பக்கத்து வீட்டோடு பகையும் இல்லை. பொங்கலன்று அக்கம்பக்கத்தார் கரும்பும் வாழைப்பழமும் கொடுப்பதும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து பிரியாணியும் கேக்கும் போவதும் பல தெருக்களில் ஆண்டாண்டாக நடக்கின்றன.

பதின்ம வயதிலேதான் விசுவாசத்தைத் தன் வாயால் அறிக்கை செய்யும் சடங்கும் வருகிறது. குழந்தையிலேயே ஞானஸ்நானம் தரும் லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபைகளில் பதினான்கு, பதினைந்து வயதை ஒட்டி திடப்படுத்தல். லுத்தரன் பிள்ளைகள் அதற்கு லூதர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தைப் படிக்க வேண்டும். பெந்தெகொஸ்தே சபைகளில் சொந்தத் தீர்மானத்தோடு தண்ணீரில் மூழ்கி எடுக்கும் ஞானஸ்நானம். தீர்மானம் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆனால் போதகர் பிள்ளை பதினாறு வயதாகியும் எடுக்கவில்லையென்றால் சபை கேட்க ஆரம்பித்துவிடும். அந்தக் கேள்விக்குப் பயந்து தண்ணீரில் இறங்கிய பிள்ளைகள் உண்டு. தகப்பன் அவசரப்படுத்தாததால் இருபது வயதில் மனதார இறங்கியவர்களும் உண்டு. ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர், எரிக் எரிக்சனின் கருத்துகளைப் பின்பற்றி 1966இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். தான் யார், எதை நம்புகிறோம் என்பதைத் தேடிப் பார்த்து முடிவுக்கு வருவது ஒரு நிலை. தேடாமலே பெற்றோர் முடிவைத் தன் முடிவாக எடுத்துக்கொள்வது இன்னொரு நிலை என்று அவர் பிரித்துக் காட்டினார். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கேள்வி கேட்கும் பிள்ளை வழி தவறுகிறது என்று பயப்படும் பெற்றோர் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வேறு வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒன்று போதகர் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்: ஊரின் துக்கம். அதில் ஒன்று குடி. புதுச்சேரியில் சாராயக் கடைகள் அரசு ஏலம் விட்டு நடப்பவை. பாகூர்ப் பக்கம் புதுச்சேரி ஊரும் கடலூர் மாவட்டத்து ஊரும் மாறி மாறி வரும். எல்லைக் கடைகளுக்கு அக்கரையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். குடித்துவிட்டு அடிக்கும் கணவனுக்குப் பயந்து, கைக்குழந்தையோடு ஒரு பெண் இரவு பத்து மணிக்கு ஓடிவருகிற வீடு பாஸ்டர் வீடு. “பாஸ்டர் இருக்காங்களா?” என்ற குரல் கேட்டதும் கதவைத் திறப்பது பெரும்பாலும் படித்துக்கொண்டிருக்கும் மகளோ மகனோதான். ஒரே கூடம் உள்ள வீட்டில் அந்தப் பெண் அழுது சொல்வதெல்லாம் காதில் விழும். கேட்டதை வெளியே மூச்சுவிடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அடுத்த நாள் அதே கணவனின் மகன் வகுப்பில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அவனிடம் எதுவும் தெரியாததுபோல் பழக வேண்டும். இரக்கம் கற்றுக்கொள்ள இதைவிடப் பெரிய பள்ளி இல்லை. பதினான்கு வயதுத் தோளுக்கு இது கனம் என்பதும் உண்மை. ஆலோசனைக்கென்று தனியாக ஓர் அறை, அது முடியாவிட்டால் திண்ணையில் ஒரு தடுப்பு என்று ஏற்பாடு செய்துகொண்ட வீடுகளில், வந்தவரின் மானமும் பிள்ளையின் மனமும் சேர்ந்தே காப்பாற்றப்படுகின்றன.

சம்பளச் சபைகளின் பிள்ளைகளுக்கு இடமாற்றம் பெரும் சோதனை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் கோடை விடுமுறையில் மாற்றல் உத்தரவு வரும். கடலூர் மாவட்டத்துச் சபையிலிருந்து பாகூருக்கு மாறினால் தூரம் சில கிலோமீட்டர்தான். ஆனால் மாநிலமே மாறிவிடுகிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. அங்கே பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் 2025இல் முதன்முறையாக சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுதினார்கள். ஆக ஒன்பதாம் வகுப்பில் இடம்பெயரும் பிள்ளை புதுப் புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். சென்டாக் என்ற மாணவர் சேர்க்கை அமைப்பு வழியாகப் புதுச்சேரி ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கேட்க, தொடர்ந்து ஐந்தாண்டு இங்கே குடியிருந்த சான்று தேவை. இரண்டு ஆண்டுக்கு முன் வந்த குடும்பம் அங்கேயும் வேரறுந்து இங்கேயும் வேர் பிடிக்காமல் நிற்கும். பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கோ பன்னிரண்டாம் வகுப்புக்கோ வரும் ஆண்டில் மாற்றல் போடாமல் இருப்பது சபைத் தலைமைக்குப் பெரிய செலவில்லை. அந்தப் பிள்ளைக்கு அது வாழ்நாள் உதவி.

சாதிச் சான்றிதழ் இன்னொரு முள். 1964ஆம் ஆண்டின் புதுச்சேரி பட்டியல் சாதிகள் ஆணைப்படி, இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சாராதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. ஊரில் சாதி பார்ப்பவர்கள் மதம் பார்த்து விட்டுவிடுவதில்லை. சான்றிதழ் மட்டும் விட்டுவிடுகிறது. பேருக்கு வேறு மதம் எழுதி ஒதுக்கீடு பெறும் வழி மற்றக் குடும்பங்களுக்கு ஒரு சலனம். ஊரறிய ஊழியம் செய்யும் தலித் போதகரின் பிள்ளைக்கோ அந்த வாசல் முற்றாக அடைபட்டது. மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி தருவதுபற்றி ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் ஆணையம் அமைத்தது.

இத்தனைக்கும் நடுவே வளர்ந்தவர்கள் எங்கெங்கோ போயிருக்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கம் வெள்ளாளன்விளை என்ற சிற்றூர்ப் போதகரின் மகன் அசரியா, பதினைந்து வயதில் தகப்பனை இழந்தார். தாய் வளர்த்த அந்தப் பிள்ளைதான் 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். கிழக்கு ஜெர்மனியில் டெம்ப்ளின் என்ற சிறிய ஊரில் லுத்தரன் போதகரின் மகளாக வளர்ந்த ஏங்கலா மெர்க்கல், மதத்தைச் சந்தேகத்தோடு பார்த்த அரசின் கண்ணெதிரே பள்ளி முடித்து, இயற்பியல் படித்து, 2005 முதல் 2021 வரை ஜெர்மனியின் சான்சலராக இருந்தார். இந்தக் கொம்யூன்களின் போதகர் வீடுகளிலிருந்து நர்ஸுகள், ஆசிரியர்கள், ஐ.டி. ஊழியர்கள், இசைக்கலைஞர்கள் வருகிறார்கள். சிலர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரிக்கோ சென்னை குருகுலத்துக்கோ போய்த் தகப்பன் வழியில் திரும்புகிறார்கள்.

தகப்பன் வழியில் போவது விருப்பமா கடமையா என்பது எந்தச் சபை என்பதைப் பொறுத்தது. குருமனை சபைச் சொத்து. போதகர் ஓய்வுபெற்றால் காலி செய்ய வேண்டும். அதனால் பிள்ளைகள் வேலைக்குப் போகும் வயதில் குடும்பம் முதன்முறையாகச் சொந்த வீட்டுக்கு அலைகிறது. ஆனால் மகன்மேல் வாரிசுச் சுமை இல்லை. தனிச்சபையில் வீடும் ஆராதனைக் கொட்டகையும் நிற்கும் மனை யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதே பல நேரங்களில் தீர்மானிக்கிறது. தகப்பன் பெயரில் இருந்தால் சபை மகனை ‘சின்ன பாஸ்டர்’ என்று அழைக்கத் தொடங்குகிறது. சில வீடுகளில் அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயதுகூட ஆகியிருக்காது. டிரஸ்ட் பெயரில் பதிந்து, சபையாரில் சிலரையும் அறங்காவலர்களாகச் சேர்த்துவிட்ட போதகரின் மகன், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் தான் விரும்பிய படிப்புக்கு விண்ணப்பம் போடலாம்.